எட்டாவது வாக்கியம்

'நான் செஞ்சிக் கோட்டைக்கு ராஜாவாக இருந்தால்' என்று எழுதிக்கொண்டு வருகிறவர்களை நான் எழுப்பி நிற்க வைத்துவிடுவேன். ஜன்னலைத் திறந்தால் கோட்டையின் ராஜகிரி மலை தெரிகிற மாடி அறை அது. 'இஃப்' வைத்துப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னால் பதினோரு பேரில் ஒன்பது பேர் ராஜா ஆகிவிடுவார்கள். இன்னொருவர் பறவை ஆவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"உங்க வீட்ல நடந்ததை எழுதுங்க. நடந்திருக்க வேண்டியதை எழுதுங்க. ராஜா வேலை எதுவும் காலி இல்ல," என்பேன்.

அறுபத்து மூன்றாம் வருஷம், ஜனவரி மாதம். செஞ்சி கடைத்தெருவில் ஒரு உரக்கடையின் மாடியில், எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் கோட்டை விட்டவர்களுக்கு நான் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். ரோஸ்மேரி டீச்சர் என்றால் பஸ் ஸ்டாண்டில் வழி காட்டுவார்கள். எனக்கு இருபத்தொன்பது வயது. நைனா, என் அப்பா இருதயநாதன், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிடுகிற குடியானவர். என்னை கான்வெண்டில் விட்டுப் படிக்க வைத்தார். படித்த பெண்ணுக்கு எங்கள் சனத்தில் மாப்பிள்ளை அகப்படவில்லை. வருகிறவர்களும் என் வயதைக் கேட்டதும் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியில் பாக்கியசாமி வந்தார். கோலார் தங்கவயலில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அவலூர்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். முப்பத்து நாலு வயது வரை ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று நைனா என் எதிரிலேயே கேட்டார். "சுரங்கத்துக்குள்ள தங்கம்தான் கிடைக்குது, பொண்ணா கிடைக்குது?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவும் பிடித்துப்போனது.

கத்தோலிக்கர்களான எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும் என்று சாமியார் பூசையில் படிப்பார். இரண்டு ஓலை ஆகிவிட்டது. மறுநாள் திங்கட்கிழமை வகுப்புக்கு ஆரஞ்சு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். இந்துப் பிள்ளைகள் ஓலை என்றால் என்னவென்று கேட்டார்கள். விளக்கிவிட்டு, அதையே பாடமாக்கிக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். 'யாருக்காவது தடை தெரிந்தால் அவர்கள் சொல்ல வேண்டும்.' பதினோரு பேரும் உரக்கப் படித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவரே வந்தார். கையில் நீலநிற ரவிக்கைத் துணி. பெண்கள் இருக்கிற வகுப்பு என்று உள்ளே வராமல் படியிலேயே நின்று, தையற்காரனுக்கு அளவு ரவிக்கை வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். பிள்ளைகள் கமுக்கமாகச் சிரித்தார்கள். முதல் வரிசையில் ரஞ்சிதம் மட்டும் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, கீழே விழுந்த பேனாவை வெகுநேரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதம் மண்டகப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். இருபத்துநாலு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், தூரத்து உறவான சித்தி வீட்டில் இருக்கிறாள், பாஸ் செய்தால் நர்ஸ் டிரெயினிங்குக்குப் போவாள் என்பதுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. வகுப்பில் ராஜாவோ பறவையோ ஆகாத ஒரே ஆள் அவள். அதனாலேயே எனக்கு அவளிடம் கொஞ்சம் சலுகை உண்டு.

வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். ரஞ்சிதத்தின் நோட்டு நாலாவதாக வந்தது. அவள் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன். 'மழை பெய்தால் எங்கள் ஊர் பஸ் வராது.' சரி. 'நான் பாஸ் செய்தால் நர்ஸ் ஆவேன்.' சரி. 'என் புருஷன் என்னிடம் சண்டை போட்டிருந்தால், அவர் போன காரணம் எனக்குத் தெரிந்திருக்கும்.' நல்ல வாக்கியம், ஓரத்தில் 'குட்' போட்டேன். 'தன் ஊர் செஞ்சிப் பக்கம் என்று அவர் சொல்லியிருக்காவிட்டால், நான் கோலாரை விட்டு இங்கே தேடி வந்திருக்க மாட்டேன்.' ஒரு எழுத்துப் பிழை. திருத்தினேன்.

எட்டாவது வாக்கியம் இது: 'செவ்வாய்க்கிழமை அவர் நீலத் துணியோடு படியில் நின்றபோது நான் வாயைத் திறந்திருந்தால், டீச்சர் வகுப்பு முன்னால் அழுதிருப்பார்.'

'நீலம்' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையில் ஓர் எழுத்தை விட்டிருந்தாள். அதைச் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்தேன். சேர்த்த பிறகுதான் வாக்கியம் எனக்குள் இறங்கியது. பேனா அங்கேயே நின்று, மை காகிதத்தில் ஊறிப் பரவியது. கீழே கடையில் யாரோ மூட்டை இறக்கிப் போட்டார்கள், அந்தச் சத்தத்துக்கு நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஒன்பதாவது: 'மூன்றாவது ஓலையும் முடிந்துவிட்டால், அது என் பாவம்.' பத்தாவது: 'டீச்சர் கேட்டால் போட்டோவைக் காட்டுவேன்.'

ரஞ்சிதம் போகவில்லை. மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கவே இல்லை, கை மட்டும் நீட்டினேன். கோலார் ஸ்டூடியோவில் எடுத்த போட்டோ. மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். பாக்கியசாமி அதிலும் அதே சிரிப்புதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாரியம்மன் கோயில்ல தாலி கட்னாரு டீச்சர். மூணு வருசம் ஒண்ணா இருந்தோம். அவரு அண்ணன் செத்துட்டாருன்னு ஊருக்குப் போனவரு வரல."

"செவ்வாக்கெழமயே சொல்றதுக்கு இன்னா?" என்று கத்தினேன். எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது, முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது.

"தமிழ்ல சொல்ல வாய் வரல டீச்சர். இங்கிலீஷ்ல எழுதறப்போ வேற யாருக்கோ நடந்த மாதிரி இருந்துச்சு."

போட்டோவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். நைனா களத்து ஓரம் உட்கார்ந்து விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அவருக்காகப் பயந்தேன். இதைக் கேட்டால் இவர் இடிந்துபோவாரே, கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டுவிட்டாரே என்று நினைத்தேன்.

நைனா போட்டோவைப் பார்த்தார். பிறகு அடுத்த மல்லாட்டையை எடுத்து உடைத்தார்.

"இந்தப் பொண்ணுதானா," என்றார்.

"உனக்குத் தெரியுமா நைனா?"

"தெரியும் ரோசு. மாப்ளயோட அம்மாவே சொல்லிட்டாங்க. நானும் சும்மா இருக்கல, அவுங்க ஊரு சாமியாரையே போய்க் கேட்டேன். நம்ம கோவில்ல மந்திரிச்சுக் கட்டாத தாலி தாலியே இல்ல, தடையாவாதுன்னுட்டாரு. சபைச் சட்டம் அப்படி இருக்குது."

"மூணு வருசம் குடித்தனம் பண்ணியிருக்காரு நைனா."

"பண்ணட்டும். உனக்கு முப்பதாவப் போவுது. நான் கண்ண மூடிட்டா உனக்கு யாரு இருக்காங்க? ராவும் பகலுமா நான் தேடி அகப்பட்ட மாப்ள இவன் ஒருத்தன்தான். ஞாயித்துக்கெழம ஓலை முடிஞ்சுடும், வாய மூடிக்கினு இரு."

பாக்கியசாமி என்னை ஏமாற்றியது அடி என்றால், அடித்தவன் அந்நியன் என்று மனசை ஆற்றிக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும், அவர்கள் ஊர் சாமியாருக்குத் தெரியும், என்னைத் தூக்கி வளர்த்த நைனாவுக்குத் தெரியும். இத்தனை பேருக்கும் தெரிந்து, எனக்கு மட்டும் தெரியாமல் நான் வகுப்புக்கு மிட்டாய் கொடுத்திருக்கிறேன். அந்த மிட்டாயை ரஞ்சிதமும் வாங்கித் தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றை மறைக்க விரும்பவில்லை: வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் நினைத்தேன். நீல ரவிக்கை தைத்து வந்திருந்தது. போட்டுப் பார்த்தேன், அளவு சரியாக இருந்தது. சட்டப்படி தடை இல்லை. ரஞ்சிதத்துக்கும் அவர் திரும்பக் கிடைக்கப்போவதில்லை. கணக்காகத்தான் இருந்தது எல்லாம். கழற்றும்போது ஒரு ஊக்கு பிய்ந்து வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், எல்லோரும் தரையில். பூசை லத்தீனில் ஓடும். எங்களுக்குப் புரிவது பிரசங்கமும் ஓலையும்தான், அதனால் ஓலை வாசிக்கும்போது கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திவிடுவார்கள்.

"இருதயநாதன் மகள் ரோஸ்மேரிக்கும்..." என்று எங்கள் சாமியார் மூன்றாவது முறையாகப் படித்தார். "இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடவார்கள்."

அந்தக் கோவிலில் அதுவரை ஒருவரும் எழுந்ததில்லை. சாமியாரும் யாரையும் எதிர்பார்க்காமல் காகிதத்தை மடிக்கத் தொடங்கியிருந்தார். நான் எழுந்தேன். பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒரு தடை தெரியும் சாமி."

சாமியார் மடிப்பதை நிறுத்தினார். ஆண்கள் பக்கத்திலிருந்து நைனா, "ரோசு, உக்காரு," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, கெஞ்சினார். அவர் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இன்னொரு தடவை கெஞ்சியிருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

"மாரியம்மன் கோயில்ல கட்ன தாலி தடையாவாதுன்னு சட்டத்துல இருக்குதாம், அத நான் பேசல," என்றேன். "பொண்ணுக்குச் சம்மதம் இல்லன்னா அது தடையா, இல்லையா சாமி?"

அவர் காகிதத்தைத் திரும்ப விரித்தார். "தடைதான்," என்றார்.

"அப்போ எழுதிக்கோங்க. சம்மதம் இல்ல. அந்தப் பொண்ணு நான்தான்."

நைனா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். கோவிலே திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு அழுகை பீறிக்கொண்டு வந்தது, ரஞ்சிதம் எழுதியபடியே எல்லோர் முன்னாலும் நின்று அழுதேன்.