பின்பக்கத்துக் கற்கள்

தோட்டத்து மூலையில் குவிந்து கிடந்த கற்களை மூன்றாவது நாளாகக் கரி போகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஒவ்வொரு கல்லையும் எடுத்து, இன்னொரு கல்லால் லேசாகத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, வலப்பக்கமோ இடப்பக்கமோ அடுக்கினார். அவருடைய தங்கை கம்பி பிரஷ்ஷோடு உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை கரி. மூக்கு நுனியிலும் கரி.

"உன் மூஞ்சியப் பாத்தா புகைபோக்கிக்குள்ள குடித்தனம் பண்றவ மாதிரி இருக்கு."

"உன் மூஞ்சியில மட்டும் என்ன, மாவா பூசியிருக்கு? பேசாம தட்டுண்ணே."

கட்ட வேண்டியது ஒரு பக்கம் குளிர்காயக் கணப்பு, மறுபக்கம் பீட்சா அடுப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே புகைபோக்கி. வீட்டுக்காரர் படம் காட்டியிருந்தார். கற்கள் மட்டும் பழையவை. அவருடைய தகப்பனார் நடத்திய பேக்கரி இருபத்தெட்டு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. போன மாதம் இடித்தபோது அதன் அடுப்புக் கற்களை லாரியில் இங்கே ஏற்றி வந்துவிட்டார். அந்த அடுப்பை எரித்தவர் மேஸ்திரியின் அப்பா. வீட்டுக்காரரை அப்போது எல்லோரும் சின்னவர் என்பார்கள். மேஸ்திரிக்கு இன்றும் வாயில் அதுதான் வருகிறது.

பேக்கரியின் பின்சுவரை ஒட்டினாற்போல் இருந்த இரண்டு அறைகளில்தான் அண்ணனும் தங்கையும் வளர்ந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு என்பதால் குளிர்காலம் அவர்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. ஈரத் துணியைச் சுவரில் ஒட்டினால் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் காய்ந்து தானே கீழே விழும். விடிகிற நேரத்தில் முதல் ஈடு ரொட்டி வெளியே வரும். அப்பா அடுப்பின் வாய்க்குள் வெறுங்கையை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். எட்டில் கையை இழுத்தால் சூடு சரி. ஐந்திலேயே இழுக்கும்படி ஆனால் இன்னும் ஆறவேண்டும். சின்னவர் சீருடையோடு ஓடிவந்து நிற்பார். அப்பா ரொட்டியின் மேல் பொருக்கைப் பிய்த்து, ஊதி ஊதி, மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அளவாகக் கொடுப்பார். முதலாளி பிள்ளைக்கென்று ஒரு நாளும் ஒரு விரல்கடை கூடியதில்லை.

"அண்ணே, இங்க பாரு."

தங்கை நீட்டிய கல்லில் கரிக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. நெருப்பு தாங்கும் கல் வெளிர்மஞ்சளாக, கனமாக இருக்கும். தட்டினால் மணி போலப் பேசும். இது சுவர் கட்டும் சாதாச் செங்கல். தட்டினால் தொப்பென்றது. ஓரம் பொரிந்து உதிர்ந்தது.

"வெளிச்சுவருல இருந்ததா இருக்கும்" என்றாள் தங்கை.

"வெளிச்சுவர்க் கல்லுல கரி எப்படி ஏறும்? அடுப்புக் கூரைக்கு வளைக்கிறதுக்காக ஒரு பக்கம் சாய்வா செதுக்கியிருக்கான் பாரு."

அவர் அதை இடப்பக்கம் வைத்தார். மதியத்துக்குள் அப்படி அறுபத்து நான்கு கற்கள் இடப்பக்கம் சேர்ந்தன. தங்கை பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"என் கல்யாணத்துக்கு அப்பா பத்து நாள் லீவு போட்டாரே, அப்பவா?"

மேஸ்திரி தலையை ஆட்டினார். அப்பா திரும்பி வந்தபோது அடுப்புக் கூரையின் பின்பக்கத்தைப் புதுப்பித்திருந்தார்கள். அதற்குள் கல்லின் நிறம் தெரியாதபடி கரி படிந்துவிட்டது. தட்டிப் பார்த்த அப்பா, பின்பக்கம் சத்தம் சரியில்லை என்று சின்னவரின் தகப்பனாரான பெரியவரிடம் போய்ச் சொன்னார். ரொட்டியைப் பார் என்றார் பெரியவர். இரண்டு குளிர்காலம் தாங்கிய கூரை ஒரு விடியற்காலை உள்ளே சரிந்தது. ஆளுக்குச் சேதமில்லை. பெரியவர் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தி, "தூங்கி எழுந்த பதட்டத்துல விறகை அள்ளிப் போட்டிருக்கான்" என்றார். பேக்கரியை அதோடு பூட்டிவிட்டார்கள். அந்த வாரமே அப்பாவும் பிள்ளைகளும் அறைகளைக் காலி செய்தார்கள். அப்பா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். ரொட்டியை வாயில் வைக்கவில்லை. மேஸ்திரிக்கு வெகுகாலம் தெருவில் பெயர் 'தூங்குமூஞ்சி மகன்'.

சாயங்காலம் சின்னவர் தோட்டத்துக்கு வந்தார். மேஸ்திரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ஒரு மஞ்சள் கல்லையும் ஒரு சிவப்புக் கல்லையும் அவர் முன்னால் வைத்தார்.

"ரெண்டும் ஒரே கூரையில இருந்ததுங்க, சின்னவரே. நெருப்பு படற இடத்துல சாதாக் கல்லு. யார் எரிச்சிருந்தாலும் விழுந்திருக்கும்."

சின்னவர் சிவப்புக் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கான்ட்ராக்டர் ஏமாத்தியிருப்பான்."

"இருக்கலாம். யார் வச்சாங்கன்னு நான் கேக்கல. எங்கப்பா மேல தப்பில்ல. அவ்வளவுதான்."

"அவர் கையால தின்னவன் நான், மேஸ்திரி. எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா போதாதுங்க. பெரியவர் நாலு பேர் முன்னாடி சொன்னாரு. நாலு பேர் முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

சின்னவர் கல்லைக் கீழே வைத்துக் கையைத் தட்டிக்கொண்டார். "அடுப்பு திறக்கிற அன்னைக்கு சொந்தக்காரங்க, பேக்கரியோட பழைய ஆளுங்க எல்லாரும் வர்றாங்க. அன்னைக்குச் சொல்றேன். போதுமா? இந்தச் சிவப்பு பாக்க அழகா இருக்கு. இதைக் கணப்போட முகப்புல வை."

அவர் போனதும் தங்கை கேட்டாள். "சொல்லுவாருங்கறே?"

"வாயத் தொறந்து சொன்னாருல்ல. மண்ணைக் குழை."

மேஸ்திரி அடுத்த மூன்று வாரமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டினார். ஈர மணலைக் கவிழ்த்த கிண்ணம் போலக் குவித்து, நனைத்த செய்தித்தாளை அதன்மேல் போர்த்தி, மஞ்சள் கற்களைச் சுற்றுச் சுற்றாக ஏற்றினார். உச்சிக்கல் இறங்கியதும் மணலை வாய் வழியாகத் தோண்டி எடுத்தார்கள். கூரை அசையாமல் நின்றது. கணப்புப் புகையும் அடுப்புப் புகையும் முட்டிக்கொள்ளாமலிருக்க புகைபோக்கிக்குள் நடுச்சுவர் வைத்தார். அப்புறம் ஒரு வாரம், முதல் நாள் சுள்ளி, மறுநாள் கொஞ்சம் பெரிய விறகு என்று எரித்து ஈரத்தை மெதுவாகப் போக்கினார். ஒரு முடி அளவுகூட வெடிப்பு விடவில்லை.

திறப்பன்று தங்கை வெளுத்த துணி உடுத்தி, தலை படிய வாரி வந்திருந்தாள். மேஸ்திரி சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார். கணப்பில் தீ எரிந்தது. முப்பது நாற்பது பேர் அதன் முன்னால் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பேக்கரியின் பழைய கணக்குப்பிள்ளை, வண்டிக்காரர், மாவு பிசைந்தவர் எல்லோரும் நரைத்துப்போய் வந்திருந்தார்கள். மேஸ்திரி அடுப்பின் வாய்க்குள் கையை நீட்டினார். மூன்றுகூட எண்ண முடியவில்லை. பீட்சாவுக்கு அதுதான் சூடு. நீளக் கைப்பிடிப் பலகையால் பீட்சாவை உள்ளே தள்ளி, திருப்பி, எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சின்னவர் தம்ளரைக் கரண்டியால் தட்டினார். பேச்சு அடங்கியது.

"இது எங்கப்பாவோட அடுப்பு" என்றார். பேக்கரியைப் பற்றி, விடியற்கால வாசனையைப் பற்றி, வாசலில் நின்ற வரிசையைப் பற்றிச் சொன்னார். கணக்குப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரி பலகையை ஊன்றி நிமிர்ந்து நின்றார்.

"எங்க அடுப்புக்காரர் எனக்கு தினம் பொருக்கு ஊதிக் கொடுப்பார். தங்கமான மனுஷன்." சின்னவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பெரியவரின் படம் மேசைமேல் மாலையோடு இருந்தது. அவர் பார்வை அதில் நின்று திரும்பியது. "பாவம், ஒரு நாள் விடியற்காலை கொஞ்சம் கண்ணயர்ந்துட்டார். கூரையே உக்காந்துடுச்சு! போகட்டும், அதனாலதானே இன்னைக்கு இந்தக் கல்லு இங்க வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கப்பா தூங்கல" என்றாள் தங்கை.

முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பினாள். "யாரு இவங்க?"

"இவங்கதான் இந்தக் கல்லு அத்தனையும் கையால தேய்ச்சவங்க" என்றார் சின்னவர் சட்டென்று. கைதட்டல் எழுந்தது. தங்கை இன்னொரு முறை சொன்னாள். அது கைதட்டலில் போயிற்று.

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் படம் எடுப்பவன் குறுக்கே வந்தான். "குடும்பத்தோட ஒண்ணு எடுத்துடலாம். மேஸ்திரி, கொஞ்சம் தள்ளிக்குங்க. அடுப்பு மறையுது."

"உள்ள ஒண்ணு வேகுது."

"ஒரே நிமிஷம்."

சின்னவரின் குடும்பம் அடுப்பின் வாயை மறைத்து வரிசையாக நின்றது. ஒருவர் கண் மூடிவிட்டார் என்று மறுபடி எடுத்தார்கள். குழந்தை அழுதது என்று மறுபடி. மேஸ்திரி பலகையோடு வரிசைக்கு வெளியே நின்றார். கருகல் வாசனை வந்தது. அவர் ஒரு அடி வைத்தார். படம் எடுப்பவன் கையைக் காட்டித் தடுத்தான்.

வரிசை கலைந்ததும் அவர் பலகையை உள்ளே விட்டு இழுத்தார். கரிய வட்டம் ஒன்று புகைந்துகொண்டே வெளியே வந்தது.

"என்ன மேஸ்திரி," என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல், "நீங்களும் தூங்கிட்டீங்களா?"

தோட்டமே சிரித்தது. மேஸ்திரி பலகையை நீட்டியபடி நின்றார். அதை வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை.