மணலுக்கு அடியில் ஓடுகிற பகுதி

வெயிலில் கறுத்துப்போய் வந்திருக்கிறாள். அதுகூட இவளுக்கு அழகாகத்தான் இருக்கிறது. நான் போயிருந்தால் பித்தவெடிப்போடு திரும்பியிருப்பேன்.

இப்படி நினைத்தபடியே மூத்தவள் ஓரகத்தியிடம் டீயை நீட்டினாள். மூத்தவளுக்கு நிலப்பட அலுவலகத்தில் வரையும் வேலை. மலையிலிருந்து கடல்வரை அந்த ஆற்றை எத்தனையோ முறை வரைந்திருக்கிறாள், ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இளையவள் அதே ஆற்றை நேரில் போய் அளந்துவருகிறவள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்க வீட்டில் யாராவது வேண்டும். அந்த யாராவது எப்போதும் மூத்தவள்தான்.

"மலையில தண்ணி கத்திக்கிட்டே இருக்குக்கா. அத்தை குறட்டையே தேவலாம்னு ஆயிடுச்சு."

"என் காது இன்னும் படுக்கலடி!" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

மூவரும் சிரித்தார்கள். மூத்தவளின் சிரிப்பு முதலில் நின்றது.

"சமவெளிக்கு வந்தா ஆளே மாறிடுது. சோம்பேறி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. அப்புறம் அந்த வறண்ட பக்கம், நீங்க படத்துல புள்ளி புள்ளியா வைப்பீங்களே, அங்க வெறும் மணல்தான். செருப்பைக் கழட்டிட்டுக் காலாலயே தோண்டி நின்னேன். பாதம் அப்படியே ஜில்லுன்னு ஆயிடுச்சுக்கா!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் புள்ளிகளை வைக்கிறவள் மூத்தவள். அடியில் ஆறு ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும். குளிரும் என்று தெரியாது. தன் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வேறொருத்தி எதிரே வந்து உட்கார்ந்ததுபோல வயிறு எரிந்தது. இவள் எதையும் பறித்தவளும் இல்லை. ஒரு குறை சொல்ல வழியில்லாததுதான் இன்னும் எரிந்தது.

"அடுத்த மாசம் முகத்துவாரம். அங்க ஆறு கை கையா பிரிஞ்சு கடலுக்குள்ள போகுதாம். அத்தையைப் பார்த்துக்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, இன்னைக்கே பேரு கொடுத்துடுவேன்."

நல்ல தண்ணீர் எந்த இடத்தில் உப்பாகிறது என்பதற்கு மூத்தவளின் படத்தில் கோடு கிடையாது. அதையும் இவள் நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து சொல்வாள்.

மூத்தவள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"இந்தத் தடவை என்னால முடியாது."

"ஏன்க்கா, உடம்பு ஏதாவது...?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முடியாது."