பத்தில் நிற்கும் விரல்

ஜான்சன் பொய் சொல்கிறவனாக இருந்திருந்தால் ஷாரோனின் வேலை எளிதாக முடிந்திருக்கும். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் சிக்கல்.

செங்கல்பட்டில், சூதாட்டத்திலிருந்து மீள நினைப்பவர்கள் வந்துபோகும் மையம் ஒன்றில் அவள் ஆலோசகர். மேசையில் நீளமான அட்டை ஒன்று கிடக்கும். பூஜ்யம் முதல் பத்து வரை கோடு போட்டது. 'விட்டுவிட வேண்டும் என்று எவ்வளவு நினைக்கிறீர்கள்? விரல் வையுங்கள்.' உடம்புச் சூட்டை அளக்கக் கருவி உண்டு. மனம் மாறத் தயாரா என்று அளக்க, அந்த மனத்திடமேதான் கேட்டாக வேண்டும். விரல் மூன்றில் நின்றால் ஒரு விதமாகப் பேச வேண்டும், எட்டில் நின்றால் வேறு விதமாக. மூன்றில் நிற்பவனிடம் நாளைக்கே விடுவதற்குத் திட்டம் போட்டுக் கொடுத்தால், தலையாட்டிவிட்டுப் போவான், மறுபடி வரமாட்டான்.

ஜான்சனின் விரல் ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்தில் போய் நிற்கும். அடுத்த மூச்சில் அவனே சொல்வான்: "நேத்துகூட ஆடினேன் மேடம்."

ஆடுவது கைபேசியில், பணம் வைத்து ரம்மி. கல்பாக்கத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். பக்கத்திலேயே புதுப்பட்டினத்தில் வாடகை அறை. மனைவி பிரிசில்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுராந்தகத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இந்தச் சனிக்கிழமை காலை அவள்தான் ஷாரோனைக் கூப்பிட்டாள்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிவு பண்ணணும் மேடம். அவரு நெசமா மாறுவாரா? நீங்க சொன்னா திரும்பிப் போறேன். இன்னொரு தபா ஏமாந்தா, அப்புறம் அந்த வூட்டு வாசப்படி மெதிக்கமாட்டேன்."

மாலைக்குள் சொல்கிறேன் என்றாள் ஷாரோன். பத்து என்று சொன்னால் அவள் இன்றே பெட்டி கட்டிவிடுவாள்.

இப்போது ஜான்சன் எதிரே உட்கார்ந்திருந்தான். விரல் பத்தில்.

"எப்பவுமே ஏன் பத்து?"

"பின்ன இன்னா மேடம்? சபைல சாட்சி சொல்ல எய்ந்து நிக்கறவன், 'கர்த்தர் என்ன ஆறு பங்கு ரட்சிச்சாரு, மீதி பெண்டிங்ல கீது'ன்னா சொல்லுவான்? பாஸ்டரு மைக்கப் புடுங்கிடமாட்டாரு?"

ஷாரோன் சிரித்துவிட்டாள். அவள் வளர்ந்த கோவளத்துக் கிறிஸ்தவச் சபையிலும் அப்படித்தான். கர்த்தர் தனக்குச் செய்ததைச் சொல்ல எழுந்து நிற்பவர், முழு விடுதலை என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். யாரும் பாதி விடுதலை என்று சொன்னதில்லை. முழு விடுதலை என்று சொன்னவர்கள் பொய்யர்களும் இல்லை. தாங்கள் எதை விரும்பினார்களோ அதைச் சொன்னார்கள். கூட்டம் கலைந்து தனியாக வீடு போன பிறகு என்ன ஆகும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஜான்சனிடம் தானும் அதைக் கேட்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

"எந்த நேரத்துல ஆடுவீங்க?"

"வேல முடிஞ்சி பஸ்ஸு எறக்கி வுட்ட அப்புறம். ரூமுக்கு வந்து லைட்டப் போடுவேன், குக்கர வெப்பேன். விசில் சத்தத்த வுட்டா அங்க வேற கொரலே கிடையாது மேடம். போன்ல மேசையத் தொறந்தா நாலஞ்சு பேரு உக்காந்துகினு இருப்பானுங்க. கிங்கு, டைகருன்னு பேரு வெச்சிகினு. மூஞ்சி தெரியாது. ஆனா ஒருத்தன் 'வா தலைவா'ன்னு போடுவான்." கைபேசியை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தான். "வேற எவன் என்ன வான்னு கூப்புடறான், சொல்லுங்க."

ஷாரோனும் தன் அறைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே டிவியைப் போடுகிறவள்தான், பார்ப்பதற்காக இல்லை.

அட்டையை அவன் பக்கம் தள்ளினாள். "வேற கேள்வி. இன்னிக்கு சாயங்காலம். அதே ரூம், நீங்க மட்டும். ஆடாம இருந்துட முடியும்னு எவ்ளோ நம்பறீங்க?"

விரல் பத்தை நோக்கிக் கிளம்பி, பாதியில் நின்று, இறங்கியது.

"ரெண்டு."

"ஏன் பூஜ்யம் இல்ல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏன் கம்மி என்று கேட்பார்கள் என்று காத்திருந்த முகம் அது.

"புதன்கெயமை ஆடல மேடம். பக்கத்து ரூமு மோகன் கேரம் போர்டு தூக்கினு வந்தான். 'மச்சான், வெளக்கெண்ண குடிச்ச மாரி மூஞ்ச வெச்சினு கீற, வா'ன்னு இழுத்தான். போன சார்ஜ்ல போட்டவன் மறந்தே பூட்டேன்."

"மோகன் இருந்தா எவ்ளோ?"

"ஏழு." யோசித்தான். "ஏழு சொல்லலாம்."

தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக மோகன் அறைக்குப் போவதென்று பேசி முடித்து அவன் போனதும், ஷாரோன் பிரிசில்லாவைக் கூப்பிட்டாள்.

"அவரு பத்துன்னுதானே சொன்னாரு மேடம்?"

"விடணும்கிற ஆச பத்து. அது பொய் இல்ல. தனியா இருக்கற சாயங்காலத்துல முடியும்கிறது ரெண்டு. பக்கத்துல ஆளு இருந்தா ஏழு. பெட்டி கட்டாதீங்க இப்போ. அவரு பஸ்ஸ வுட்டு எறங்கினதும் நேரா பக்கத்து ரூமு மோகன்கிட்ட போவாரு. அந்த நேரத்துக்கு நீங்க போன் போட்டு, கொழந்தைய 'அப்பா'ன்னு கூப்பிடச் சொல்லுங்க. தனியா இருந்தாலும் முடியும்னு அவரு சொல்ற நம்பர் ஏறட்டும். ஏறினா நானே கூப்புடறேன், அப்போ வாங்க."

"எத்தினி மணிக்கு எறங்குவாரு?" என்றாள் பிரிசில்லா.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஷாரோன் எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்டாள். விட வேண்டும் என்று எவ்வளவு நினைக்கிறீர்கள்? ஆட்டம் கூப்பிடும் அந்த நேரத்தில், அந்த இடத்தில், விட முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள்? இரண்டாவது எண் சிறியதாக இருந்தால், அது ஏன் பூஜ்யமாக இல்லை என்று கேட்க வேண்டும். என்ன பதில் வருகிறதோ, அதைக் கொண்டு அந்த நேரத்தை நிரப்ப வேண்டும்.