ஆபீசர் நாற்காலி

நயினாருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அவனைப் பிடித்து, பாங்காக் விமான நிலையத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆபீசரிடம் பொய் சொல்லச் சொன்னால்? ஊமையைப் பாட்டுப் பாடச் சொன்ன கதைதான்.

அப்படி ஒன்றும் பெரிய பொய் இல்லை. சுற்றிப் பார்க்க வந்திருக்கிறேன், பத்து நாள், இதோ திரும்பிப் போகிற டிக்கெட். அவ்வளவுதான். ஆனால் அவன் போவது ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்கு. அந்த டிக்கெட்டும் வெறும் காட்சிக்கு. ஏஜென்ட் புக் பண்ணிக் கொடுப்பான். ஆபீசர் முத்திரை குத்தி உள்ளே விட்டதும் ஏஜென்ட்டே கேன்சல் பண்ணிவிடுவான். "கேட்டா காட்டு, கேக்கலன்னா பேசாத. வூட்ல நல்லா ட்ரெய்னிங் எடுத்துக்க" என்று கேள்விகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான்.

இந்த ஏஜென்ட்டைக் காட்டிவிட்டவள் படப்பை சந்திரலேகா. அவள் புருஷன் தேவநாதன், ஒரகடத்தில் நயினாரோடு ஒரே லைனில் கார் சீட் பூட்டினவன். போன வருஷம் இதே ஏஜென்ட் மூலமாகத்தான் போனான். போனவன் ஒரு நாள்கூட போனில் பேசவில்லை, அங்கே அதற்கு அனுமதி இல்லையாம். மெசேஜ் மட்டும் தவறாமல் வரும். நல்லா கீறேன், ஆளு தேவைப்படுது, தெரிஞ்சவங்கள அனுப்பு. நயினாரையோ கான்ட்ராக்ட் முடிந்தது என்று கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இருங்காட்டுக்கோட்டை வாடகை ரூமில் உட்கார்ந்து பொண்டாட்டி சம்பாத்தியத்தில் சோறு தின்பது அவன் தொண்டையில் இறங்கவில்லை.

பொண்டாட்டி செல்வலட்சுமிக்கு அவன் போவதில் துளியும் இஷ்டமில்லை. அழுதாள், சண்டை போட்டாள், ரெண்டு நாள் பேசாமல் இருந்தாள். கேட்டால்தானே! கடைசியில் "போறதுதான் போறே, அங்க மாட்டிக்கினு என் மானத்த வாங்காத" என்று அவளே ட்ரெய்னிங் கொடுக்க உட்கார்ந்தாள். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்து, மூஞ்சி கழுவி, பிளாஸ்டிக் நாற்காலியில் ஜம்மென்று உட்காருவாள். கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு, முன்னால் இஸ்திரி போடும் மேஜை. அவன் வாசலில் இருந்து பையோடு வர வேண்டும்.

"எதுக்கு வந்தே?"

"சுத்திப் பாக்க மேடம்."

"எத்தினி நாளு?"

"பத்து நாளு மேடம்."

"மேடமாம் மேடம்! வூட்ல ஒரு தபா சொல்லியிருப்பியா?"

பக்கத்து ரூம் பெண்கள் ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு நாள் இந்தக் கூத்து நடந்தது. வெள்ளிக்கிழமை ஃப்ளைட். புதன்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் இறங்காத நேரத்தில், அது வந்தது.

டிக்கெட்டை நீட்டினான். அவள் வாங்கிப் பார்க்காமலே ஓரமாக வைத்தாள். அவன் முகத்தையே பார்த்தாள். இமை ஆடவில்லை.

"நிஜமா திரும்பி வருவியா?"

வாட்ஸ்அப்பில் இல்லாத கேள்வி. நயினார் சிரித்தான். "டிக்கெட்தான் கீதே மேடம்."

"டிக்கெட்ட கேக்கல. உன்ன கேக்கறேன்." குரல் அவளுடையதுதான், ஆனால் யாரோ அடியில் இருந்து பேசுகிற குரல். "அன்னிக்கு அந்த ஆபீசரும் டிக்கெட்டத்தான் பாத்தான். என் மூஞ்சிய பாக்கவே இல்ல மச்சான். பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டான்."

மச்சானா? செல்வலட்சுமி அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. லைனில் ஒருத்தன்தான் அவனை மச்சான் என்பான். ஆனாலும் போகவிடாமல் தடுக்க இவள் நாடகம் ஆடுகிறாள் என்ற நினைப்பில் நயினாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நடிக்காதடி! எழுந்திரு!" என்று கையைப் பிடித்தான். நெருப்பாய் வெயில் அடிக்கிற நேரத்தில் அந்தக் கை ஐஸ் பெட்டியில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது. ஜன்னல் பெண்களின் சிரிப்பு நின்றுபோனது. அவர்களில் ஒருத்திதான் ஓடிப்போய் ஹவுஸ் ஓனர் கன்னியம்மாவைக் கூட்டி வந்தாள்.

காலையில் இட்லி விற்கிற கன்னியம்மாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காத்து கருப்பு என்றால் அந்தத் தெருவே அவளிடம்தான் வரும். அடிக்கமாட்டாள், கத்தமாட்டாள், எதிரில் உட்கார்ந்து கேட்பாள். அன்றும் விபூதியை இட்டுவிட்டு, வேப்பிலையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"யாரு நீ?"

"தேவநாதன்."

"எங்கேர்ந்து வரே?"

"அந்தப் பக்கத்துலேர்ந்து."

"இங்க எதுக்கு வந்தே?"

"இங்க ஆபீசர் கூண்டு ஒண்ணு போட்டு வெச்சிருந்தாங்க. பூந்து வந்துட்டேன். என் வூட்டுக்குப் போவணும்."

"எப்போ போவே?"

அது தலையைக் குனிந்துகொண்டது. "டிக்கெட் இல்லக்கா. அவனுங்க கேன்சல் பண்ணிட்டானுங்க."

பேர், ஊர், வந்த காரியம், திரும்பும் நாள். ஏஜென்ட் அனுப்பின கேள்விகளும் கன்னியம்மா கேட்ட கேள்விகளும் வரிசை மாறாமல் ஒன்றாகவே இருந்தன. எத்தனையோ பேயைத் துரத்தின கன்னியம்மாவுக்கே முகத்தில் ஈயாடவில்லை. "இது துரத்தினா போறது இல்லப்பா. அது வூட்ல கொண்டுபோயி வுடு. இல்லன்னா உம் பொண்டாட்டி உனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

ஒரகடத்தில் வண்டி மாறி, ஷேர் ஆட்டோவில் படப்பைக்குப் போனார்கள். செல்வலட்சுமி காலைப் பரப்பி, ஆம்பிளை மாதிரி உட்கார்ந்து கம்பெனிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தாள். "கேன்டீன்ல இன்னும் அதே தண்ணி சாம்பார்தானா மச்சான்?" என்று கேட்டது அது. நயினாருக்கு அழுகை முட்டியது.

"டேய் தேவா, செத்துட்டியாடா?" என்று காதோரம் கேட்டான்.

"தெரியல மச்சான். அந்தக் கம்பெனிலேர்ந்து தப்பிச்சு ஓடப் பாத்தேன், அடிச்சானுங்க. அப்புறம் கண்ண முழிச்சா அந்த ஏர்போர்ட்டு க்யூலயே நிக்கிறேன். எல்லாரையும் கூப்பிடறாங்க. என்ன மட்டும் கூப்பிட மாட்றாங்க."

சந்திரலேகா வீடு புது மனைகள் பக்கம், இன்னும் பூசாத செங்கல் வீடு. கதவைத் திறந்தவள் மலர்ந்து சிரித்தாள். "வாங்கண்ணா! வெள்ளிக்கிழமைதானே ஃப்ளைட்டு? வா செல்வி."

"சந்திரா" என்றது அது. சிரிப்பு பாதியில் நின்றது. "நான் கழட்டிப் போட்ட சட்டைய தோய்க்காம தலகாணிக்கு அடியில வெச்சுக்கிறேன்னியே. இன்னும் வெச்சுக்கினு கீறியா?"

புருஷனும் பொண்டாட்டியும் தனியாகப் பேசினது. வேறு யாருக்குத் தெரியும்? சந்திரலேகா கதவைப் பிடித்துக்கொண்டாள், முகம் வெளுத்துப்போனது. அந்த நேரம் பார்த்து அவள் கையில் இருந்த போன் அதிர்ந்தது. பார்த்தாள். ஆவேசமாக நயினார் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்கண்ணா! இப்பதான் அனுப்பறாரு. அவரு நல்லா கீறாரு!"

தேவநாதன் நம்பரில் இருந்துதான். "நயினார் ரெடியா? வெள்ளிக்கிழமை கண்டிப்பா அனுப்பு."

"உன் புருஷன் என்னிக்காவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கானாம்மா?" என்றான் நயினார்.

அவளுக்கா தெரியாது? கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "போயிடுங்கண்ணா, உங்க கால்ல வுழறேன். இத உள்ள வுட்டா அவரு செத்தவரு ஆயிடுவாரு. எனக்கு அவரு போன்ல கீறாரு, அது போதும்" என்று கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

செல்வலட்சுமி அப்படியே சரிந்தாள். நயினார் தாங்கிப் பிடித்து, எதிர்மனையில் கிடந்த செங்கல் குவியலில் உட்கார வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் சூடு ஏறியது. கண்ணைத் திறந்து சுற்றும்முற்றும் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, எங்க கீறோம்? நீ எதுக்கு அழுவுறே?"

"நான் போவல செல்வி. எங்கயும் போவல."

"இத சொல்றதுக்கா என்ன இம்மாந்தூரம் இட்டுக்கினு வந்தே, பாவி மனுசா" என்று அவன் தோளில் அடித்து, அந்தத் தோளிலேயே சாய்ந்து அழுதாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எதிரில் சந்திரலேகா வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் வெளிச்சம் போகவில்லை, வாசலில் ஒரு ஈ காக்காய் இல்லை. தட்டுகிற சத்தம் மட்டும் அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"யாரு?" என்று உள்ளே இருந்து சந்திரலேகா கேட்டாள். மறுபடி தட்டல். "யாரது?"

செல்வலட்சுமி நயினாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தடவை சந்திரலேகா யார் என்று கேட்கவில்லை. கதவில் முகத்தைப் பதித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது, உடைந்த குரல்.

"வந்தா அப்புறம் போவ மாட்டியே?"

பதில் அவர்களுக்குக் கேட்கவில்லை. தாழ்ப்பாளை விலக்குகிற சத்தம்தான் கேட்டது.