கதவில் போட்ட பெருக்கல் குறி

திருப்புத்திறன் பாடம் நடத்த, ஆய்வகக் கதவின் வெளிப்பக்கம், கீலிலிருந்து நாலு விரல் தள்ளி, சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

"இங்க தள்ளிக் கதவ மூடிப் பாருங்க, மூச்சு முட்டும். அந்த ஓரத்துல தள்ளுங்க, சுண்டுவிரல் போதும்" என்று ஒன்பதாம் வகுப்பிடம் முழங்கிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்த நேரம் பார்த்து, கழன்றுபோன கைப்பிடியை மாட்டத் தச்சர் வந்திருக்கிறார். குறியைப் பார்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகராசன், அங்கேயே நாலு திருகாணியையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் வகுப்பை நோட்டம்விட வந்த தலைமை ஆசிரியை கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. சுவரில் ஒரு காலை ஊன்றி மறுபடி இழுத்தார். செருப்புதான் பறந்தது.

"யார் சார் இங்க குறி போட்டது?" என்று, கைப்பிடிக்கு அடியில் துருத்திக்கொண்டிருந்த சாக்பீஸ் கோடுகளைப் பார்த்து, வெளியிலிருந்து கத்தினார்.

உள்ளே நாற்பது விரல்கள் என்னை நோக்கி நீண்டன. நன்றிகெட்ட ஜென்மங்கள்.

பரீட்சையில், 'கைப்பிடியைக் கீலுக்கு அருகில் வைத்தால் என்ன ஆகும்?' என்று வாய்க்கொழுப்பில் கேட்டுத் தொலைத்தேன். கடைசி பெஞ்சுக்காரி எழுதியிருந்தாள்: 'கதவின் ஓரத்தில் விரல் விட்டு இழுக்கத் தெரிந்தவர்கள் வருவார்கள். தலைமை ஆசிரியை வரமாட்டார்.'

முழு மதிப்பெண் போட்டேன். கைப்பிடியை மாற்ற வந்த தச்சரை, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பினேன்.