பதினெட்டு நிமிஷம் பிந்திய உச்சி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதைக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்தான். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பூகோளப் பாடநூல் ஒன்றில், 'நண்பகலில் நிழல் எப்போதும் வடக்கே விழும்' என்ற வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் 'பொய்' என்று எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தில் பாதி அழிந்த முத்திரை: பிரேசர் டவுன், 1931. மற்றதெல்லாம் என் சமையல்.

2

'கண்டோன்மெண்ட் மரங்கள் பூத்துக் குலுங்கிய ஓர் ஏப்ரல் காலையில்' (வேண்டாம். பெங்களூர்க் கதையென்றால் மரம் பூத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.)

'பெர்னதெத்துக்கு வயது இருபத்து நான்கு. அவளுடைய கண்களில்' (கண்களை விடுங்கள்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெர்னதெத் ஐந்தாம் வகுப்பு டீச்சர். தற்காலிக வேலை. இன்ஸ்பெக்டர் சேஷகிரி வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால் நிரந்தரமாகும், இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவளும் அவள் ஒருத்திதான்.

3

பாடநூலை எழுதிய துரை லண்டனை விட்டு நகர்ந்ததே இல்லை என்பது என் ஊகம். அங்கே நிழல் வடக்கே விழுவது சத்தியம். (வெயில் அடித்தால்.) நம் ஊரில் அப்படி இல்லை. பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றுவதால், சூரியன் ஆறு மாதம் வடக்கே போவதாகவும் ஆறு மாதம் தெற்கே போவதாகவும் நமக்குத் தெரிகிறது. போகிற வழியில் ஏப்ரலில் ஒரு நாள், திரும்புகிற வழியில் ஆகஸ்டில் ஒரு நாள், நம் தலைக்கு நேர் மேலே வரும். அன்று உச்சியில் நிழலே கிடையாது. இடைப்பட்ட நாட்களில் நிழல் தெற்கே விழும்.*

பெர்னதெத் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு கம்பை நட்டு, வருஷம் முழுக்கப் பிள்ளைகளை விட்டு அளந்தாள்.

(* நாமோ தினமும் மத்தியானத்தை உச்சிவேளை என்கிறோம். சொல்லியே பழகிவிட்டதால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும்தான்.)

4

ஏப்ரல் 24. சேஷகிரி வகுப்பில் கேட்டார்: "மத்தியானம் நிழல் எந்தப் பக்கம் விழும்?"

ருக்மிணி என்ற மாணவி எழுந்தாள். "இன்னிக்கு விழாது சார்."

சேஷகிரி பேனாவைத் திறந்தார். சிவப்பு மை.

"புக்ல அப்படி இல்லையே, மிஸ்."

"புக்கு தப்பு சார். வெளிய வாங்க, காட்டறேன்" என்றாள் பெர்னதெத்.

தலைமையாசிரியை ஜோசஃபின் கண்ணைக் காட்டினார். (இவருக்கும் ஒரு தனிக் குணம் கொடுக்க நினைத்தேன். பயமே போதும் என்று விட்டுவிட்டேன்.) பெர்னதெத் கவனிக்கவில்லை.

எல்லோரும் முற்றத்துக்கு வந்தபோது பன்னிரண்டு மணி அடித்தது. கம்பின் அடியில் நாலு விரல் நீளத்துக்கு நிழல் கிடந்தது. அதுவும் மேற்கே.

"புக்கும் தப்பு, நீங்களும் தப்பு" என்றார் சேஷகிரி. "நான் எதை எழுதறது?"

"சார், இது சர்க்கார் கடியாரத்துப் பன்னெண்டு. நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர இன்னும் பதினெட்டு நிமிஷம் ஆகும். கொஞ்சம் நில்லுங்க சார்."

"சூரியனுக்கு ஒரு டைம், சர்க்காருக்கு ஒரு டைம்னா நான் யார்கிட்டம்மா உத்தியோகம் பார்க்கறேன்? சும்னே வெயில்ல நிக்க வெக்காதீங்கோ."

"காபி ஆறிடும் சார்" என்றார் ஜோசஃபின்.

5

முடிவு அ: சேஷகிரி நிற்கிறார். நிழல் கம்புக்குள் ஒடுங்கி மறைகிறது. அவர் கண் கலங்கி, பெர்னதெத்தைப் பார்த்து (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் கலங்குகிற இன்ஸ்பெக்டரை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: அவர் காபி குடிக்கப் போகிறார். சரியாகப் பதினெட்டு நிமிஷத்தில் நிழல் மறைகிறது. வகுப்பே பார்க்கிறது, அவர் பார்க்கவில்லை. (இதுதான் நடந்திருக்கும். அதனாலேயே எழுதக் கை வரவில்லை. எனக்கு அவள்மேல் பட்சம் உண்டு, மறைக்க மாட்டேன்.)

6

வேறொன்றை மறைத்தேன். புத்தகத்தில் அந்தப் 'பொய்' அடிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு கோடு. அதன் கீழே அதே மையில், 'வடக்கு என்பதே சரி.'

இன்ஸ்பெக்டர்தான் என்று உடனே நினைத்தேன். நீங்களும் நினைப்பீர்கள். ஆனால் சிவப்பு மை டீச்சர்களிடமும் உண்டு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், 'பொய்'யில் இருக்கும் பகரமும் 'என்பதே'யில் இருக்கும் பகரமும் ஒரே கையெழுத்து என்று ஒருநாள் தோன்றுகிறது. மறுநாள் தோன்றவில்லை.

கோடு போட்டது யார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர் போட்டார் என்றால் அவள் வேலை போயிற்று. அவளே போட்டாள் என்றால் வேலை நிலைத்தது. எப்படி எழுதினாலும், அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் அந்தக் கம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தெற்கே விழுந்த நிழலைப் பார்த்து, வடக்கு என்று ஒப்பித்திருப்பார்கள்.