பெருக்கல் குறியை அழுத்திய பிறகு

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு நாலு கடை தள்ளி இருந்த பிரவுசிங் சென்டர், வினோதினியின் சித்தப்பா சகாதேவனுடையது. வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசி அவருக்கு இங்கிலீஷ் வரும். ஒற்றை விரலில், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் டைப் அடிப்பார். மற்ற கம்ப்யூட்டர் வேலையெல்லாம் வினோதினி தலையில்தான்.

அந்த 2003 ஆம் வருஷம் அவள் ஒரே ஒரு பதிலுக்காகக் காத்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனி. கம்ப்யூட்டர் படுத்துவிட்டதென்று போன் செய்பவர்களுக்கு வழி சொல்லும் வேலை. இன்டர்வியூ முடிந்துவிட்டது. முடிவை மெசஞ்சரில் சொல்வதாக இன்டர்வியூ எடுத்த எழில் மேடம் சொல்லியிருந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சித்தப்பா காரியத்தைக் கெடுத்துவிடுவார்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் சேர்வதற்குள் அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். நாலு மணி வரை பதில் இல்லை. மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினாள். மெசஞ்சர் மறைந்தது. கிளம்பிவிட்டாள்.

மறைந்ததே தவிர, சாகவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் பொட்டளவு படமாக ஒண்டிக்கொண்டு, அவள் பெயரிலேயே விழித்திருந்தது. மூடு என்றால் மூட வேண்டாமா? இல்லை, ‘நான் உள்ளேதான் இருக்கிறேன், போகட்டுமா’ என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடும்? இதைச் செய்த மகானுபாவன் தன் அறையில், தன் கம்ப்யூட்டரில், தனியாக உட்கார்ந்திருந்திருப்பான். ஒரே நாற்காலியில் நாளைக்கு இருபது பேர் உட்காரும் கடையை அவன் எங்கே கண்டான்!

அந்தப் படமாவது கண்ணில் பட்டிருக்கும். ஆனால், வருகிறவர்கள் அந்த மூலைப் படங்களை நோண்டிவிடுகிறார்கள் என்று சித்தப்பா சத்தம் போட, ஆறு கம்ப்யூட்டரிலும் அவற்றை மறைத்துவைத்தவள் வினோதினியேதான்.

மறுநாள் காலை, இரவு அணைக்காமல் விட்டிருந்த அதே கம்ப்யூட்டரில் மெசஞ்சரைத் திறந்தாள். பாஸ்வேர்டு கேட்கவில்லை. நேற்றைய பேச்சு அப்படியே வந்து நின்றது. மாலை ஐந்து பத்துக்கு எழில் மேடம் எழுதியிருந்தார்: ‘நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள். திங்கட்கிழமை சேர முடியுமா? இன்றே சொல்லுங்கள்.’ அதற்குக் கீழே, வினோதினியின் பெயரில், இங்கிலீஷில், எல்லாம் பெரிய எழுத்தில்: ‘விருப்பமில்லை. வரமாட்டேன்.’

கல்லாவில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் திரும்பினாள்.

“சித்தப்பா, இத நீங்களா அடிச்சீங்க?”

சகாதேவன் எழுந்திருக்கக்கூட இல்லை. “நான் இன்னா தேடிப் போயா பாத்தேன்? மெயில் பாக்க குந்தினேன், தானா எதிர வந்து நின்னுச்சி. பொம்பளப் புள்ள தனியா மெட்ராஸ் போறேன்னா அண்ணனுக்கு நான் இன்னா பதில் சொல்றது?”

“அப்பாவ ஏன் இழுக்கிறீங்க? உங்களுக்கு கடைய பாத்துக்க ஆள் வேணும். அதச் சொல்லுங்க.”

“அப்படியே வச்சிக்கயேன்” என்றார்.

அவள் எழில் மேடத்துக்கு எழுதினாள்: அது நானில்லை, நான் எழுந்து போன பிறகு என் மெசஞ்சரில் என் சித்தப்பா அடித்தது, நான் வருகிறேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

‘வருந்துகிறேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் மெசஞ்சரையே மூடாமல் எழுந்து போகிறவரை, மற்றவர்களுக்கு வழி சொல்ல எப்படி உட்கார வைப்பது?’

‘மூடிவிட்டுத்தான் போனேன்’ என்று அடித்தாள். உண்மைதான். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் படித்தால் சிரிப்பார்கள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.